நானே கட்டிக்கொண்ட தாலி

என் கணவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன பிறகு எனக்குப் பகலிலேயே கனவு வர ஆரம்பித்தது. மலாக்காவில், எங்கள் காஜா பேராங் வீட்டுச் சமையலறையில் உலை கொதிக்கும். நான் எங்கோ பனியில் நடந்துகொண்டிருப்பேன். போலந்து நாட்டுப் புரட்சித் தலைவர் ஒருவரின் மனைவி, சிறைவாசலுக்கு ரொட்டி சுமந்து பனியில் நடந்தாள் என்று என் கணவர் சொல்லியிருந்தார். தோட்டத் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர். வீட்டில் பேசினாலும் மேடைப் பேச்சுதான். அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் சொல்லவில்லை. தலைவர்களின் மனைவிகளுக்குப் பெயர் எதற்கு?

ஆனாலும் அவளை எனக்குப் பிடித்துப்போனது. வெள்ளைக்காரர்களின் அவசரகாலச் சட்டத்தில் அவரை அடைத்திருந்த முகாமுக்கு நான் பஸ் ஏறியபோது, அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். தெங்கேரா தாண்டி கிளேபாங் வரை கடல் கூடவே வந்தது. வெயிலில் வெளுத்துக் கிடந்த அந்தத் தண்ணீரை அவள் பனி என்றே நினைத்திருப்பாள்.

முகாம் வாசலில் கனவு கலைந்தது. அங்கே பேர் பதியும் தமிழ்க் கிராணி என் கழுத்தைப் பார்த்தார்.

"பொண்டாட்டிய மட்டுந்தாம்மா உள்ள விடுவாங்க. தாலி எங்க?"

"எங்களுது சுயமரியாதைக் கல்யாணங்க. மாலை மட்டுந்தான்."

"வாடிப்போன மாலைய வச்சி வெள்ளக்காரத் துவான்கிட்ட நான் என்னத்த சொல்றது?"

திரும்பி வந்தேன். தாலி பெண்ணுக்குப் போடும் மூக்கணாங்கயிறு என்று ஊர் ஊராகப் பேசியவர் என் கணவர். இப்போது அந்தக் கயிறு இல்லாமல் அவரையே பார்க்க முடியாது. எரிச்சலாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு மலாக்கா செட்டிப் பெண்ணுக்குத் தமிழ் பேச வராது; பல தலைமுறையாக மலாய்தான் அவர்கள் வீட்டுப் பேச்சு. தாலி என்றால் தெரியும். மஞ்சள் கிழங்கும் நூலும் எடுத்துக் கொடுத்துவிட்டு, யார் கட்டுவது என்று மலாயில் கேட்டாள். நியாயமான கேள்விதான். கண்ணாடி முன் நின்று நானே கட்டிக்கொண்டேன். இரண்டு முடிச்சு போட்டேன். மூன்றாவதை விட்டுவிட்டேன்.

அடுத்த முறை உள்ளே விட்டார்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மெலிந்துபோய் நின்றார். அவர் பார்வை நேராக என் கழுத்துக்குப் போனது. இவ்வளவு தூரம் வந்தது சண்டையில் முடியப் போகிறது என்று பயந்தேன்.

"யாரு கட்டுனது?"

"நாந்தான். இது இல்லாட்டி உங்கள பாக்க விட மாட்டேங்குறாங்க. கோவமா?"

"மூணு முடிச்சும் போட்டியா?" என்றார்.

"ரெண்டுதான்."

"திரும்பி நில்லு."

வலையில் முதுகைச் சாய்த்தேன். கம்பிகளுக்கு நடுவே விரல்களை நுழைத்து, காவலாளி பார்க்கப் பார்க்க, மூன்றாவது முடிச்சை அவர் போட்டார். நான் அழுதுவிட்டேன்.

"நான் வெளிய வந்ததும் அவுத்துடணும், என்ன?"

"நீங்களே வந்து அவுத்து விடுங்க."

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த பிறகுதான் அவரை விட்டார்கள். வீட்டுக்கு வந்த அன்றே, சட்டைகூட மாற்றவிடாமல், அவருக்கு முதுகு காட்டி நின்றேன். கை கழுத்து வரை வந்தது. அவிழ்க்க அவருக்கு மனசு வரவில்லை.