கண்ணாடியைக் கழற்றும் இடம்

ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் பேச்சாளருக்குக் ‘கண்ணீர்’ என்றே பட்டப்பெயர். பேச்சு சூடுபிடித்ததும் சட்டென்று நிறுத்துவார். கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைப்பார். தொண்டை கம்ம, “என் வீட்டுக்காரி பட்ட பாடு இருக்கே...” என்பார். அவ்வளவுதான், ஆலை வாசலே மூக்கைச் சிந்தும். அந்த வீட்டுக்காரி காய்ச்சலில் சுருண்டு கிடந்த நாட்களில்கூட, வேறு ஏதோ ஊர் மேடையில் அவளுக்காகத்தான் அழுதுகொண்டிருந்தார் மனிதர்.

ஒருநாள் காலையில் அவள் பெட்டியைக் கட்டினாள். இனி மகள் வீட்டோடு இருந்துவிடப் போகிறாளாம்.

வாசலை மறித்து நின்றார். “நீ இல்லாம நான்...” என்றதுமே தொண்டை கம்மியது. பாழாய்ப்போன கை, பழக்க தோஷத்தில் கண்ணாடிக்குப் போனது.

அவள் சிரித்தேவிட்டாள். “இந்த இடத்துல கழட்டுவீங்கன்னு எனக்குத் தெரியும். நானும் கூட்டத்துல உக்காந்து கேட்டவதானே?”

“இல்லம்மா, இது நிஜம்.”

“அதையும்தான் அங்க சொல்லுவீங்க. வழி விடுங்க.”

விட்டார். ஆட்டோ தெருமுனை திரும்பிய பிறகு கண்ணாடியைக் கழற்றினார். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, துடைப்பதற்கு அதில் ஈரம் இருந்தது.