தேருக்கு வந்த டவுட்டுகள்

மேசைக்கு அந்தப் பக்கம் அவன் வந்து உட்கார்ந்தால் பின்னாலிருக்கும் ஜன்னல் முழுதும் மறைந்துவிடும். இந்தப் பக்கம் என் அண்ணி, சேலைக்கு மேல் அண்ணனின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தொண்ணூறுகளின் நடுவில், டெக்சாஸில் ஒரு சின்னக் கல்லூரி ஊர். கோபிசெட்டிபாளையத்தில் இரண்டு வருடம் கல்லூரியில் கணிதம் நடத்திவிட்டு வந்த அண்ணி அங்கே மேற்படிப்பு படித்தார். கூடவே ஃபுட்பால் அணி மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லித்தரும் வேலை. நானும் அங்கேதான் இன்ஜினியரிங் படித்தேன், அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். அண்ணனுக்கு வாரமெல்லாம் ஹூஸ்டனில் வேலை. அண்ணிக்கு லைசென்ஸ் இல்லாததால் செவ்வாயும் வியாழனும் நான்தான் காரில் கொண்டுபோய் விட்டு, அதே அறையின் மூலையில் காத்திருப்பேன்.

அமெரிக்கர்களின் ஃபுட்பால் நம்மூர்க் கால்பந்து இல்லை. இரண்டு பக்கமும் கூரான பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். அந்தப் பந்தைக் காலிடுக்கு வழியாகப் பின்னால் கொடுத்துவிட்டு, பாய்ந்து வருகிறவர்களைத் தன் உடம்பால் தடுத்து நிற்பது மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரும் இவன் வேலை. நடந்து வந்தால் கோயில் தேர் நிலைவிட்டுக் கிளம்பியது போல இருக்கும் என்று அண்ணி அவனுக்குத் தேர் என்று பெயர் வைத்தார். அந்த வருடம் அணி ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. ஊரே சாம்பியன் பட்டத்தைப் பற்றித்தான் பேசியது. ஆனால் டிசம்பர் பரீட்சையில் கணக்கில் பாஸாகாவிட்டால், ஜனவரி இறுதி ஆட்டத்தில் தேர் கால் வைக்க முடியாது. அதுதான் விதி.

ஒவ்வொரு கணக்கையும் போட்டுக்காட்டிவிட்டு அண்ணி, நம்மூரில் எல்லா ஆசிரியர்களும் கேட்பது போல, "எனி டவுட்?" என்பார். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நோ டவுட், மேம்" என்பான். இப்படி ஒரு மாணவனா என்று அண்ணிக்குப் பெருமை பிடிபடவில்லை. அக்டோபர் தேர்வில் நூற்றுக்கு முப்பத்தொன்று வாங்கினான்.

அணியின் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அவனுக்குச் சொல்லித்தர வேறு ஆளைப் போடலாமா என்று பணிவாகத்தான் கேட்டார்கள். டிசம்பர் வரை அவகாசம் கொடுங்கள், அவன் தேறாவிட்டால் நானே விலகிக்கொள்கிறேன் என்று சொல்லி அண்ணி போனை வைத்தார். அன்று சாப்பிடவில்லை. "நான் நடத்துனதுல ஒருத்தன்கூட ஃபெயிலானதில்லைங்க தம்பி" என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவனிடமே கேட்டுவிட்டார். இத்தனை நாள் டவுட் உண்டா உண்டா என்று கேட்டேனே, ஏன் வாயைத் திறக்கவில்லை? தேர் குனிந்த தலை நிமிரவில்லை. உன்னால் முடியுமா, உன்மேல் உனக்குச் சந்தேகமா என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன் மேம் என்றான். சந்தேகப்படுகிறவனுக்கு அணியில் இடமில்லை என்பது கோச் தினமும் சொல்கிற வார்த்தையாம். ஒரு கேள்வி கேட்பதற்குப் போய் யாராவது டவுட் என்பார்களா என்று அவன் பரிதாபமாகக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி என்னை முறைத்த முறைப்பில் அடங்கிப்போனேன்.

இனி பத்து டவுட் இல்லாமல் என் முன்னால் வரக்கூடாது என்று உத்தரவு போட்டார். வியாழக்கிழமை அவன் முப்பத்திரண்டு எழுதிக்கொண்டு வந்தான். மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் எப்படி பிளஸ் ஆகும் என்பது முதல் டவுட். அதற்கே ஒரு மணி நேரம் போனது. பழக்கதோஷத்தில் மைதானத்திலும், "கோச், ஐ ஹேவ் எ டவுட்" என்று சொல்லி, தண்டனையாக நாலு சுற்று ஓடிவிட்டு வந்தான்.

டிசம்பரில் பேராசிரியரின் அறைக் கதவில் மதிப்பெண் பட்டியலை ஒட்டினார்கள். அண்ணி காரைவிட்டு இறங்கவே இல்லை. என்னைப் போய்ப் பார்த்துவரச் சொன்னார். எழுபத்துமூன்று. திரும்பி வந்து சொன்னதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, "மீதி இருபத்தேழு எதுல விட்டான்னு தெரியலையே" என்றார்.

இறுதி ஆட்டத்தை வீட்டில் டிவியில் பார்த்தோம். நானும் அண்ணனும் பந்தைப் பார்த்தோம். அண்ணி தேரை மட்டும் பார்த்தார். ஒவ்வொரு முறை ஆட்கள் குவியலாக விழும்போதும், எழுந்தானா எழுந்தானா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசி நிமிடத்தில் எதிரணியின் இரண்டு தடியர்கள் சேர்ந்து தேர்மேல் மோதினார்கள். அவன் அசையவில்லை. அவனுக்குப் பின்னால் பந்தை வைத்திருந்தவன் நிதானமாக எறிந்தான், ஜெயித்துவிட்டோம். ஊர் முழுக்க கார் ஹாரன் சத்தம். டிவிக்காரர்கள் எறிந்தவனையும் பிடித்தவனையும் புகழ்ந்து தள்ளினார்கள். தேரின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. அண்ணிக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை.

அண்ணி இப்போது நியூ ஜெர்சியில் கணிதப் பேராசிரியர். போன மாதம் அவருடைய அலுவலக அறைக்குப் போயிருந்தேன். அந்த வெற்றிக்கு மறுநாள் செய்தித்தாளில் வந்த படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். ஆகாயத்தில் பந்து, கை தூக்கி நிற்கும் வீரன், ஆர்ப்பரிக்கும் கூட்டம். ஈரோட்டிலிருந்து புதிதாகப் படிக்க வந்திருந்த ஒரு பெண், இதில் இருப்பவர் யார் என்று கேட்டாள். அண்ணி எழுந்து போய், படத்தின் ஓரத்தில் சேறு அப்பிக் கிடந்த ஒரு அகலமான முதுகின்மேல் விரலை வைத்தார்.

"இது என் ஸ்டூடண்ட்டுங்க."