ராசாவின் மார்பளவு

சில வருடங்களுக்கு முன், லண்டனில் ஒரு குளிர்காலத்தில் நடந்தது இது. நான் அங்கே மிச்சம் என்ற பகுதியில் வீட்டிலிருந்தே சேலை பிளவுஸ் தைப்பவள். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பிரித்தானிய பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது. எனக்கு மட்டும் இல்லை. அதற்கான ஆங்கிலப் பேச்சுப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தேன். விமான நிலையத்தில் அவர்கள் எல்லோரும் ஒரு வரிசையில் போக, நான் இன்னொரு வரிசையில் தனியாக நிற்பேன். அப்போது எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வரும்.

அந்தப் பரீட்சையில் நமக்குப் பிடித்த தலைப்பு ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். நான் ‘என் குடும்பம்’ என்று பாடமாக்கிக்கொண்டு போவேன். பரீட்சகர் இடையில் ஒரு கேள்வி கேட்டால் போதும், வாய் பூட்டிக்கொள்ளும்.

எங்கள் ஆங்கில ஆசிரியை ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. தலைப்புத் தேடுங்கள் என்று வகுப்பையே ஒரு நூதனசாலைக்கு அழைத்துப் போனார். கிரேக்கச் சிலைகள் இருந்த கூடத்தில், ஆளுக்கொரு சிலையைப் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னார். எனக்கு முன்னால் வெள்ளைப் பளிங்கில் ஓர் ஆணின் தலையும் மார்பும். மூக்கு நுனி உடைந்திருந்தும் ஆளின் மிடுக்குக் குறையவில்லை. கீழே ‘மார்பிள் பஸ்ட் ஆஃப் எ ரூலர்’ என்று எழுதியிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, எல்லாமே தெரிந்த சொற்கள். மார்பிள் என்றால் பளிங்கு. பஸ்ட், நான் தினமும் குறிக்கும் மார்பளவு. ரூலர், என் மெஷினுக்குப் பக்கத்தில் கிடக்கும், கோடு போடும் அடிமட்டம்.

இந்த ஆளுக்கு பஸ்ட் நாற்பத்திரண்டு இருக்கும், ஆனால் ரூலரால் அளக்கக் கூடாது, அளவு நாடாதான் சரி என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னேன்.

ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மெல்ல விளக்கினார். பஸ்ட் என்றால் மார்பு வரை செதுக்கிய சிலையாம். ரூலர் என்றால் நாட்டை ஆள்பவராம். கூடப் படித்த யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் சும்மா விடவில்லை. “தங்கச்சி, ராசாவுக்கு எப்ப பிளவுஸ் தைச்சுக் குடுக்கப்போறியள்?” என்றார். வகுப்பே சிரித்தது. டிராமில் வீடு வந்து சேர்ந்தேன். இனிப் பரீட்சையும் வேண்டாம், பாஸ்போர்ட்டும் வேண்டாம் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன்.

அந்த வாரமே ஒரு கல்யாணப் பெண் அளவு பார்க்க வந்தாள். இங்கே பிறந்தவள், தமிழ் அவ்வளவாக வராது. அவளுக்கு மார்பளவு எடுக்கும்போது அந்தப் பாழாய்ப்போன சிலை நினைவுக்கு வந்தது. ஆற்றாமையில் கதை முழுவதையும் அவளிடம் கொட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். “ஆன்ரி, யூ மஸ்ட் டெல் தெம் திஸ்” என்றாள், இதையே பரீட்சையில் சொல்ல வேண்டுமாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவ்வளவு நேரமும் நான் தடங்கலில்லாமல் ஆங்கிலத்தில் பேசியிருக்கிறேன்.

மூன்றாம் தடவை ராசாவைத் தலைப்பாக எடுத்துக்கொண்டு போனேன். பரீட்சகர் சிரிப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர் போலிருந்தார். கதையைச் சொல்லி முடித்தேன். நான் பயந்த கேள்வி வந்தது. அந்த ராசா உயிரோடு வந்தால் அவருக்குத் தைத்துக் கொடுப்பீர்களா என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. தைப்பேன், ஆனால் ராசா என்றாலும் முதலில் போன் பண்ணிவிட்டு அளவுக்கு நேரில் வர வேண்டும் என்றேன். மனுஷர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

பாஸ். முடிவைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில், ஊசி விரலில் ஏறிவிட்டதாக நினைத்துக் கணவர் மாடியிலிருந்து ஓடிவந்தார். “என்னப்பா, என்ன நடந்தது?” என்றார்.

“பாஸ் பண்ணிட்டன்” என்று அவர் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன்.

பாஸ்போர்ட் பிறகு தபாலில் வந்தது. ஆனால் வாய் திறக்கவே பயந்த மொழியில், வேண்டுமென்றே ஒருவரைச் சிரிக்க வைத்தேனே, அன்றைக்கே இந்த ஊர் என்னுடையதாகிவிட்டது.