சதாசிவம் செய்த பித்தளைப் பில்டர்

சதாசிவம் போய்விட்டார். இன்று காலை அவர் மகள் போனில் சொன்னாள். தூக்கத்திலேயே உயிர் பிரிந்ததாம்… நல்ல சாவு என்கிறார்கள்.

நான் சொல்லச் சொல்ல என் மருமகள் டைப் செய்கிறாள். தப்பு இருந்தால் அவளைத் திட்டுங்கள், என்னை விட்டுவிடுங்கள்.

உங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. வெள்ளைக்காரன் காலம், போர் நடந்துகொண்டிருந்தது. கொல்லிமலையில், குண்டூர் நாட்டுப் பக்கம், ஒரு மேட்டில் தகரக் கொட்டகை… அதுதான் எங்கள் வயர்லெஸ் ஸ்டேஷன். அவர் இன்ஜினியர். நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர்.

மேலே வரும் விமானம் மைக்ரோவேவ் அலையில் ஒரு சிக்னல் அனுப்பும். அது என் காதில் விழுந்தால்தான் எந்தப் பக்கம் மலை, எந்தப் பக்கம் வழி என்று நாங்கள் பதில் சொல்ல முடியும்.

பக்கத்து மேட்டில் ராணுவத்தின் இன்னொரு செட் இருந்தது. அதன் அலைவரிசை எங்களுடையதை ஒட்டியே இருக்கும். நாள் முழுக்க ஒரே இரைச்சல்… சனியன்!

நமக்கு வேண்டிய அலையை மட்டும் உள்ளே விட்டு மற்றதை மறிக்கத்தான் பில்டர். முதலில் வந்தது ஓர் ஆள் நீளம். அப்போது மலைக்கு ரோடு ஏது? தோளில் தூக்கி வந்தார்கள், வழியிலேயே நசுங்கிவிட்டது.

சதாசிவம் அதைச் சோறு கொண்டுபோகும் தூக்குப்போசி அளவுக்குச் சுருக்கினார். பித்தளை அறைகளை வரிசையாக நீட்டாமல் மடித்து வைத்தார். மடித்ததில் ஒட்டி வந்த முதல் அறைக்கும் கடைசி அறைக்கும் நடுவே ஒரு சின்னத் துளை. அந்தத் துளை வந்த பிறகு பக்கத்து அலை, கத்தி வைத்து நறுக்கியது போல நின்றுபோனது.

முதன்முதலாக இரைச்சல் இல்லாமல் கேட்டபோது நான் அழுதேவிட்டேன்.

"என்ன அம்மிணி, இதுக்குப் போயி அழுவாங்களா?" என்று சிரித்தார். பெருமை தாங்கவில்லை மனுஷனுக்கு. உள்ளே விடும் அலைவரிசையை இன்னும் குறுக்கலாம் என்று அடிவாரத்துப் பட்டறைக்கு மறுபடியும் எடுத்துப் போனார்.

அங்கே, நல்ல வெயிலில், அதன் திருகுகளைத் திருகி ட்யூன் செய்தார். மலையேறும்போது குலுங்கிக் கலைந்துவிடக் கூடாதென்று திருகுகளை ஈயம் ஊற்றி அடைத்துவிட்டார்.

கொண்டுவந்து மாட்டிய மறுநாள் காலை பனி. எதிரில் நிற்கிற ஆள் தெரியாது. என் காதில் ஒன்றுமே இல்லை… சுத்தமான அமைதி.

சாமான் சுமக்கும் பெரியண்ணன் ஓடி வந்தார். "ஏனுங்க, மேல ஏரோப்ளான் சுத்துதுங்க. ரொம்பத் தாழ வருதுங்க!"

"வந்திருந்தா அம்மிணிக்குக் கேட்டிருக்குமுங்க" என்றார் சதாசிவம்.

நான் ஹெட்போனைக் கழற்றினேன். கூரைக்கு மேலே… கேட்டது.

பித்தளை குளிரில் சுருங்கும், அது உள்ளே விடும் அலையும் நகர்ந்துவிடும். மயிரிழை அளவுதான். ஆனால் அவர் விட்டுவைத்திருந்த இடமும் அவ்வளவுதான். விமானத்தின் சிக்னல் அதற்கு வெளியே நின்றுவிட்டது.

பில்டரைக் கழற்றி நேராக இணைத்தார். பக்கத்து செட்டின் இரைச்சல்தான் வந்தது. மறுபடி மாட்டி, கத்தியை எடுத்து ஈயத்தைச் சுரண்டினார். விரல் கிழிந்து ரத்தம்…

"கேக்குதா அம்மிணி?"

"இல்லீங்க."

"இப்ப?"

"இல்லீங்க… இல்லீங்க."

அப்புறம் மலையில் மோதிய சத்தம்.

ஊர்க்காரர்களோடு அவரும் போனார். இரண்டு பேர், மீசை முளைக்காத பையன்கள். ஒருவனை அவரே தோளில் தூக்கி வந்தார்.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் "என் தப்புதாங்க" என்றார். பனிதான் காரணம், போய் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டார் அந்த ஆள்.

வேலையைப் பார்த்தார். ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டு, பனிக்குள்ளேயே வைத்து ட்யூன் செய்தார். அடுத்து வந்த விமானம் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. சொன்னேன். வெளியே போய் வாந்தி எடுத்தார்.

எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது, மறைப்பானேன். பல வருஷம் பேசவே இல்லை. அப்புறம் பேசினோம்… இதை வேறு யாரிடம் பேசுவது?

செத்தவர்கள் யாரென்று ராணுவம் எங்களுக்குச் சொல்லவே இல்லை. டெல்லிக்கும் லண்டனுக்கும் எழுதிக் கேட்டுக்கொண்டே இருந்தார். போன மாதம் பேசியபோதுகூட, "ஒண்ணும் தெரியலையே அம்மிணி" என்றார்.

போயிட்டு வாங்க சதாசிவம். அந்தப் பசங்க அங்கதான் இருப்பாங்க.

மொதல்ல பேரைக் கேட்டுக்குங்க.