வியாழக்கிழமை வீடு

பொங்கல் முடிந்த மறுவாரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போவது எங்கள் வழக்கம். அறுப்பு முடிந்தபின் திருத்தணிப் பக்கத்து வயல்களில் நைனாவுக்கும் அம்மாவுக்கும் வேலை இருக்காது. ஆனியில் நாங்கள் திரும்புவதற்குள் ஆண்டுத் தேர்வு முடிந்து புது வகுப்பே தொடங்கியிருக்கும். தலைமையாசிரியர் மனமிரங்கி என்னை அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிடுவார். அப்படியே தள்ளப்பட்டு எட்டாவது வரை வந்துவிட்டேன்.

அந்த வருடம் மாசியில் உதவித்தொகைத் தேர்வு. தேறினால் பன்னிரண்டாவது வரை கவலையில்லை என்று டீச்சர் என் பெயரைக் கொடுத்திருந்தார். நைனா மூட்டை கட்டும்போது எதிர்வீட்டுப் பெரியம்மா வந்து நின்றாள்.

"பொண்ண உட்டுட்டுப் போ. தெருவுல ஏழு வீடு கீது, வாரத்துல ஏழு நாளு கீது. சாப்ட்டுகினு படிக்கட்டும்."

நைனா மூட்டையிலிருந்து என் பாவாடைகளை மட்டும் எடுத்து வெளியே வைத்தார்.

படுக்கை பெரியம்மா வீட்டில், சாப்பாடு நாளுக்கொரு வீட்டில். ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ ஓட்டும் மாமா வீட்டில் கறிக்குழம்பு. அங்கே நேரத்துக்கு முன்பே போய்விடுவேன். எனக்குப் பிடிக்காதது வியாழக்கிழமைதான். அன்று பூக்கார அத்தையின் முறை. மலைப்படி ஓரம் பூ விற்றுவிட்டு வந்து கேழ்வரகுக் களி கிண்டிப் போடுவாள். "நீங்க சாப்டலையா அத்தே?" என்றால், "கோயில்லயே அன்னதானம் சாப்ட்டேன் கண்ணு" என்பாள். நான் படிக்கும்போது பக்கத்து வீட்டு டி.வி. சத்தம் கேட்டால் போய் அதட்டி நிறுத்திவிட்டு வருவாள். எனக்கோ அந்த நாடகம் போய்விட்டதே என்றிருக்கும்.

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் சூளை மேஸ்திரி வண்டியில் வந்து இறங்கினார்.

"இவங்கம்மாக்கு ஜொரம், எழுந்துக்கவே முடியல. கல்லு தூக்க ஆளு இல்ல. பொண்ண அனுப்புங்க."

அம்மாவுக்குக் காய்ச்சல் என்றதும் நான் அழுதுகொண்டே பையை எடுத்துவிட்டேன். பெரியம்மா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பரிச்ச முடியாம அனுப்ப மாட்டோம்."

"அப்போ இவ நைனா, அம்மா ரெண்டு பேரையும் வேலைய உட்டு அனுப்பிடுவாங்க. வேற ஆளு வெச்சிக்குவாங்க."

தெருவே கூடிவிட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பூக்கூடையோடு நின்றிருந்த அத்தை மட்டும் நிதானமாகக் கேட்டாள்: "ஆளு தானே வேணும் உனக்கு? சாயங்காலத்துக்குள்ள வரும், போ."

யார் அந்த ஆள் என்று நான் கேட்கவில்லை. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோ மாமா கிளம்பியதிலேயே எனக்கு நிம்மதி வந்துவிட்டது.

மறுநாள் அத்தை வீடு பூட்டியிருந்தது. திருப்பதிக்கு நடந்து போயிருப்பதாகப் பெரியம்மா சொன்னாள். வியாழக்கிழமைச் சாப்பாடும் ஆட்டோ மாமா வீட்டுக்கு மாறியது. இரண்டு வாரமும் எனக்குக் கொண்டாட்டம். தேர்வன்று அத்தை தவிர மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் பஸ் ஏற்ற வந்தார்கள். ஆளாளுக்கு ஒரு பேனா கொடுத்ததில் எதை வைத்து எழுதுவதென்று குழம்பிப்போனேன்.

தேறினேன். அதன்பின் நான் எந்த வகுப்புக்கும் தள்ளப்படவில்லை. இன்று அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்கிறேன். அத்தை அப்போது போனது திருப்பதிக்கல்ல, அம்மாவுக்குப் பதிலாகச் சூளையில் கல் தூக்கத்தான் என்பது வேலைக்கான ஆணை வந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அம்மா சொல்லிவிட்டு அழுதாள்.

ஆனால் தேர்வு முடிந்து அத்தை திரும்பிய அந்த மாலையில், நான் ஓடிப்போய் முதலில் கேட்டது இதுதான்: "லட்டு எங்க அத்தே?"

"கூட்டம் ஜாஸ்தி கண்ணு. கெடைக்கல."

உள்ளங்கைகள் இரண்டிலும் துணி சுற்றியிருந்தாள். அப்படியே உட்கார்ந்து பூக் கட்டினாள். நார் நழுவிக்கொண்டே இருந்தது.

"இன்னா அத்தே, சரம் கோணையா வருது?"

"ஆங். வயசாயிடுச்சு இல்ல?"

அதையும் நம்பினேன். ஒரு லட்டுகூட வாங்கி வரத் தெரியவில்லையே என்ற கோபத்தில், அவள் கிண்டி வைத்த களியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனேன்.