உம் கொட்ட ஓர் ஆள்

“அவ பேசறத எவன் உக்காந்து கேப்பான்?”

நான் சட்டக் கல்லூரியில் சேர்ந்த வாரம், தேயிலை எஸ்டேட் ஃபீல்டு ஆபீசர் அம்மாவிடம் கேட்டது இது. கொழுந்து எடை போடும் இடத்தில், எல்லார் முன்னாலும். அம்மா கூடையை இறக்கி எடைத் தட்டில் வைத்தாளாம். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அந்தக் கேள்வியை வால்பாறையிலிருந்து திருநின்றவூர் வரை தூக்கி வந்திருக்கிறேன்.

இங்கே விடியும்போதே வியர்க்கிறது. எந்த ஊர் என்று கேட்பவர்களிடம் எஸ்டேட் என்றால், “அம்பத்தூர் எஸ்டேட்டா? எந்தக் கம்பெனி?” என்கிறார்கள். விளக்கி விளக்கி அலுத்துவிட்டது. பூந்தமல்லி கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறேன். வக்கீலாகத் தொடர எழுத வேண்டிய பார் கவுன்சில் தேர்வில் ஒருமுறை தவறிவிட்டேன். இந்த முறையும் தவறினால் தற்காலிகப் பதிவு காலாவதியாகிவிடும். கவுனை மடித்து வைக்க வேண்டியதுதான். அம்மாவுக்கு ஓய்வு நெருங்குகிறது. வேலை போகும் அன்றே எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். பிறகு அவள் வந்து இருக்க ஓர் இடம் வேண்டுமென்றால், நான் தேறியாக வேண்டும்.

அதனால் அட்டவணை போடுகிறேன், கிழிக்கிறேன், மறுபடி போடுகிறேன். புத்தகம் பார்த்து எழுதும் தேர்வுதானே என்கிறார்கள். எது எங்கே இருக்கிறது என்று தெரியாதவளுக்குப் புத்தகம் என்ன செய்யும்? சட்டங்களே புதிதாக மாறிவிட்டன. வாயைத் திறந்தால் பழைய பிரிவு எண்கள்தான் வருகின்றன. மாலையில் பஸ்ஸில் ஆவடி சுற்றி, நின்றுகொண்டே வீடு வந்து சேர்ந்தால் சோறு வேகும் முன் கண் சொருகுகிறது. மிச்சம் இருப்பது விடியற்காலை மட்டும்.

எனக்கு மனதுக்குள் படித்தால் ஏறாது. சின்ன வயதில் அம்மா அட்டைக்கடிக்கு உப்பு தடவிக்கொண்டே, நான் சத்தமாக வாசிக்கும் பாடத்துக்கெல்லாம் கதைக்குக் கொட்டுவதுபோல் உம் கொட்டுவாள். அவளுக்கு எழுத்து தெரியாது. அந்த உம் இருந்தால்தான் அடுத்த வரி எனக்குள் போகும். இப்போதும் அப்படித்தான். அவள் வேலைக்குக் கிளம்பும் முன் போன் போட்டு, ஒவ்வொரு பிரிவாக வாசித்து வந்தேன்.

ஒருநாள் ஹவுஸ் ஓனர் அம்மா மாடியேறி வந்தார்.

“இன்னாமா, டெய்லி விடிகாலைல யார்கிட்ட பேசிகினு கீற? நாலு குடும்பம் இருக்கிற ஊடு இது.”

“சட்டம் படிக்கிறேன்மா.”

“போன்லயா? யார் காதுல பூ சுத்துற?”

கோபத்தில் ஸ்பீக்கரைப் போட்டேன். மறுமுனையில் அம்மா, “உம், நிறுத்தாத பாப்பா,” என்றாள்.

ஓனர் அம்மாவின் முகம் மாறியது. “அவ படிக்கிறது உனுக்குப் புரியுதாம்மா?”

“புரியாதுங்க. ஆனா அவளுக்குப் புரியாம படிச்சா எனக்குத் தெரிஞ்சிரும்.”

“அது சரி. இன்னா அங்க ஒரே காத்து சத்தம்? வெளியவா நிக்கிற?”

“வீட்டுக்குள்ள டவர் கெடைக்காதுங்க. ரோட்டு வளைவுக்கு வந்தாத்தான்.”

அந்த வளைவை நான் அறிவேன். இருட்டு விலகும் முன் யானை இறங்கும் தடம் அது. டார்ச்சும் துணையும் இல்லாமல் அம்மா என்னை அந்தப் பக்கம் விடமாட்டாள். என் அட்டவணையில் அவளுடைய அந்த நடைக்கு இடமே இல்லை.

மறுநாள் போன் செய்யவில்லை. அதற்கடுத்த நாள் எஸ்டேட் கடையிலிருந்து அவளே கூப்பிட்டுத் திட்டினாள்.

“யானை வரும்மா,” என்றேன்.

“யானைக்கு என்னைத் தெரியும். பரீட்சைக்கு உன்னைத் தெரியுமா?”

ஓனர் அம்மா பெரிய மனது பண்ணி உம் கொட்ட முன்வந்தார். திருட்டுப் பிரிவை வாசித்தேன். “அப்பால இன்னா ஆச்சு, மாட்டிகினானா?” என்றார். அத்தோடு அந்த ஏற்பாடு முடிந்தது. அப்புறம் பல நாட்கள் வாயை மூடிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினேன். எதுவும் நிற்கவில்லை. தேர்வு மட்டும் நெருங்கியது.

நேற்று மதிய இடைவேளையில், டிபன் பாக்ஸைத் திறக்காமல் கோர்ட் வளாகத்து மரத்தடிக்குப் போனேன். எஸ்டேட்டில் பெண்கள் கொழுந்தை எடை போட்டுவிட்டுச் சாப்பிட உட்காரும் நேரம் அது. எடை போடும் அந்த மேட்டில் டவர் உண்டு. அம்மாவைக் கூப்பிட்டேன். கழுத்துப் பட்டை நனைந்து ஒட்டியது. தொழிலாளர் சட்டத்தைப் பிரித்து, வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது தரவேண்டிய பணிக்கொடை எந்தெந்த இடங்களுக்குப் பொருந்தும் என்ற வரியை வாசித்தேன். “தொழிற்சாலை, சுரங்கம், எண்ணெய் வயல், தோட்டம்...”

உம் வரவில்லை. அம்மா ஸ்பீக்கரைப் போட்டிருந்தாள் போல, பல பெண்களின் பேச்சொலி மட்டும் கேட்டது. பிறகு அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து பறிக்கும் ஒருத்தி கேட்டாள்: “தோட்டம்னா நம்ம தோட்டமுமா? சத்தமாப் படி பாப்பா, பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல.”

ஒரு காதில் பூந்தமல்லி பஸ்களின் ஹாரன், மறு காதில் மலைக்காற்று. கருப்புக் கோட்டு போட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் குரலை உயர்த்தி, அந்த வரியை முதலிலிருந்து வாசித்தேன்.