அத்தை அடுக்கிய விறகு

எங்கள் வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வந்த மறு வருடம்தான் நானும் அத்தையும் அவ்வளவு விறகு சேர்த்தோம். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். கந்தர்வக்கோட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே கொஞ்சம் நடந்தால் எங்கள் ஊர்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. சித்திரையில் மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு கட்டைப்பையோடு வந்தாள். மாமா வரவில்லை. காப்பு அவிழ்த்து, பந்தலைப் பிரித்து, வந்த சொந்தக்காரர்களெல்லாம் கிளம்பிப் போன பிறகும் அத்தை மட்டும் இருந்தாள். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. அவளுக்கும் அதுபோல ஏதோ லீவு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் அரிவாளையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு, "வாரியா ஆயி, தோப்புக்குப் போயி நாலு சுள்ளி பொறுக்கிட்டு வருவோம்" என்று என்னைக் கூப்பிட்டாள்.

அம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எதுக்கு பாப்பா வெறகு? கேஸுதான் இருக்கே."

வீட்டில் அத்தையைப் பெரியவர்கள் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இருக்கட்டும் அண்ணி. சும்மா ஒக்காந்து என்ன செய்யப்போறேன்?"

எங்களுக்கு ஊருக்குக் கிழக்கே கொஞ்சம் முந்திரி உண்டு. கொட்டை பொறுக்கி முடித்திருந்த நேரம். மரத்தடியெல்லாம் காய்ந்த கிளைகள் கிடந்தன. எந்தக் கிளையையும் முதலில் வளைத்துப் பார்க்க வேண்டும் என்று அத்தை சொன்னாள். வளைந்தால் அது மரத்தோடது. படக்கென்று ஒடிந்தால் நம்மோடது. கீழே கிடப்பதைக் கையால் எடுப்பதற்கு முன் அரிவாள் நுனியால் புரட்டிப் போட வேண்டும். அடியில் தேள் இருக்கும். ஒருமுறை இருந்தது. அத்தை அதை அடிக்கவில்லை. "போகட்டும், அதுக்கும் எடம் வேணும்ல" என்று அது ஊர்ந்து மறையும்வரை நின்றாள்.

அவள் இடது கையாலேயே வெட்டினாள். வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. கேட்டதற்கு, பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். நானும் எங்கள் பாத்ரூமில் வழுக்கி விழுந்திருக்கிறேன். முழங்கால் சிராய்ப்போடு சரி. மாமா வீட்டு பாத்ரூம் ரொம்ப மோசமானது போலிருக்கிறது என்று நினைத்தேன். கட்டிய விறகுச் சுமையைத் தூக்கி விட எனக்குத் தெம்பில்லை. அதனால் வரப்பின்மேல் அதைச் சாய்த்து நிறுத்தி, அத்தை கீழே உட்கார்ந்து, சும்மாட்டுத் தலையை அடியில் கொடுத்து, மெதுவாக எழுந்திருப்பாள். எழும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். நேராக நின்றதும் என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

பொறுக்குவதைவிட அடுக்குவதுதான் எனக்குப் பிடித்தது. கொல்லையில், கரையான் ஏறாமல் இரண்டு வரிசை கல் போட்டு, அதன்மேல் பருத்த கட்டைகளை வைத்தோம். இரண்டு ஓரத்திலும் ஒரு வரிசை நெடுக்காக, அடுத்த வரிசை குறுக்காக மாற்றி மாற்றி வைத்தால் நடுவில் இருப்பவை உருளாமல் நிற்கும். ஒவ்வொரு நாளும் முடித்ததும் அத்தை நடுவிலிருந்து ஒரு விறகை இழுத்துப் பார்ப்பாள். மற்றவை அசையக் கூடாது. அசைந்தால், இருட்டிக்கொண்டு வந்தாலும் அந்த வரிசையைப் பிரித்து மறுபடியும் அடுக்குவாள். கை காலைக் கழுவிவிட்டு, கிணற்றடியில் நின்று நாங்கள் இருவரும் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்போம். முதலில் என் இடுப்பு உயரம் இருந்தது. பிறகு நெஞ்சுக்கு வந்தது. அப்புறம் நான் ஸ்டூல் போட்டு ஏற வேண்டியதாயிற்று. அதில் நான் பொறுக்கியது எது, அத்தை பொறுக்கியது எது என்று யார் கேட்டாலும் தொட்டுக் காட்டியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

லீவு முடியும் சமயத்தில் அப்பா சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார். "ஸ்கூல் தெறக்குறதுக்குள்ள பாப்பாவக் கொண்டுபோயி விட்டுட்டு வந்துர்றேன். ஊர்ல ஆளாளுக்குக் கேக்குறாங்க." அத்தை கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் சட்டென்று நின்றது. அம்மா ரசத்தை ஊற்றினாள்.

மறுநாள் காலையில் அம்மா கேஸ் அடுப்பைத் தொடவில்லை. கொல்லையில் கிடந்த பழைய மண் அடுப்பைச் சாணி போட்டு மெழுகி, அத்தையின் விறகை உருவிச் சோறு வடித்தாள். கேஸ் வாங்கச் சொல்லி அப்பாவோடு பேசாமல் கிடந்து சாதித்தவள் அவள். இப்போது, "வெறகடுப்புச் சோறு மாதிரி வருமா?" என்று கண் சிவக்க, மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டே அப்பாவின் தட்டில் போட்டாள். அம்மாவுக்கு இப்படித் திடீர் திடீரென்று எதன் மேலாவது ஆசை வந்துவிடும். பள்ளிக்கூடம் திறந்தது. என் சீருடையில் புகை வாடை அடித்தது. அப்பா, அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை விறகுக்குப் போய்க்கொண்டே இருந்தாள்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. மாமாவும், அவருடைய அண்ணனும், வெள்ளைத் துண்டு போட்ட ஒரு பெரியவரும் இறங்கினார்கள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டோம். அத்தை உள்ளேயே இருந்தாள். அம்மா டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தூணோரம் நின்றாள்.

பெரியவர்தான் ஆரம்பித்தார். "ஒரு பொம்பளப்புள்ள எத்தன நாளைக்கு அண்ணன் வீட்ல சும்மா ஒக்காந்து சாப்புடும்? நீங்களே சொல்லுங்க தம்பி."

அப்பா டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மாவா?" என்றாள் அம்மா. "இப்புடிக் கொல்லைக்கு வாங்க. வந்து பாத்துட்டு அப்பறம் சொல்லுங்க."

அவர்கள் எழுந்து வந்தார்கள். ஒரு விறகு அடுக்கைப் பார்க்கக் காரில் ஆள் வந்தது எங்கள் தெருவில் அதுவே முதல் முறை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. முன்னால் ஓடிப்போய் அடுக்கின் பக்கத்தில் நின்றுகொண்டேன். அது கொல்லைச் சுவரைத் தாண்டி நின்றது. பெரியவர் விவசாயி போலிருக்கிறது. ஓரத்துக் கட்டைகளைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டுத் தன்னையும் அறியாமல், "நல்லாத்தான் அடுக்கிருக்கு" என்றார்.

"கீழ் வரிசை நான் வச்சது" என்றேன்.

"கேஸு சும்மா கெடக்கு. இவ வெறகுலதான் எங்க வீட்ல ஒல கொதிக்கிது" என்றாள் அம்மா. "இம்புட்டையும் ஒத்தக் கையில செஞ்சிருக்கா. இன்னொரு கைக்கு என்னாச்சுன்னு ஒங்க தம்பியச் சொல்லச் சொல்லுங்க. சொல்லட்டும், நானே கூட்டியாந்து விடுறேன்."

அதுவரை அம்மா வெளியாட்கள் முன்னால் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மாமாவின் அண்ணன் தம்பியைப் பார்த்தார். மாமா கிணற்றைப் பார்த்தார். பெரியவர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்பா தொண்டையைச் செருமினார். "பாப்பா இங்கயே இருக்கட்டும். நீங்க கெளம்புங்க" என்றார்.

கார் போன பிறகு அத்தை அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். விருந்தாளிகள் போய்விட்டதற்காக அழுகிறாள் என்று நினைத்து, "மறுபடியும் வருவாங்க அத்தை" என்று ஆறுதல் சொன்னேன். அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

அத்தை இப்போது புதுக்கோட்டையில் தையல் கடை வைத்திருக்கிறாள். அந்தக் கை மேலே எழும்பச் சில வருடங்கள் ஆயின. அந்த விறகு இரண்டு மழைக்காலத்துக்கு வந்தது.

கார் வந்து போனதற்கு மறுநாள் எங்கள் பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை. அரிவாள், கயிறு, சும்மாட்டுத் துணி எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு நான் காத்திருந்தேன். வெயில் முற்றத்துக்குள் வந்துவிட்டது. அத்தை எழுந்திருக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லோருக்கும் முன்னால் எழுந்து வாசல் தெளிப்பவள், பாயில் குறுக்காகக் காலை நீட்டி, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தோளைத் தொட்டு எழுப்பப் போனேன்.

"எழுப்பாத. தூங்கட்டும் விடு" என்றாள் அம்மா. வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த அவள் துடைப்பத்தைக்கூடச் சத்தம் வராமல் இழுத்தாள்.

அத்தைக்கு உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று எனக்குப் பயமாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை.